ஹோய் ஆனுக்கு அக்கா வந்த தை மாதம்

1

அக்கா மகன் கல்யாணத்தை ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்த கைபேசியில் பார்த்தேன். சிவகாசியில் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. சைகோனில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல் என்பதால் இங்கே மத்தியானச் சமையல் நேரம். பட்டுச்சேலை கட்டி, பூ கிடைக்காததால் வெறும் கொண்டையோடு அடுப்படியில் நின்றேன். "யாருக்குக் காட்டப் போற?" என்று என் கணவர் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

நாங்கள் வியட்நாமுக்கு வந்து இந்த வைகாசியோடு பத்து வருடம் ஆகிறது. சிவகாசியில் காலண்டர் அச்சடித்துக்கொண்டிருந்தவர், இங்கே அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் மேனேஜர். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை போனால், கம்பெனி இருக்கிற வார்டுக்குப் பெயரே மாறியிருந்தது. கட்டடம் அங்கேயேதான் இருக்கிறது, வாசலில் அதே வேப்பமரம்தான் நிற்கிறது, காகிதத்தில் மட்டும் வேறு ஊர். எல்லாக் கடிதத்தையும் புதிதாக அடித்து, புதிதாக முத்திரை வாங்கி, மறுபடி வரிசையில் நின்றோம். மகளோடு சேர்த்து எங்கள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் கவுண்டருக்கு உள்ளே போய்விட்டது. கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். என் ஓட்டை வியட்நாமியைப் பொறுமையாகக் கேட்டாள். அக்கா மகன் கல்யாணம் என்று புரிந்ததும் உண்மையாகவே வருத்தப்பட்டாள். வருத்தம் வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை.

அங்கே கைபேசியைப் பிடித்திருந்தவன் மாப்பிள்ளையின் சிநேகிதன். அவன் தயவில் நான் அதிகமாகப் பார்த்தது மண்டபத்து ஃபேனையும் ஒரு பெரியவரின் பிடரியையும்தான். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் காத்திருந்தது ஒரே ஒரு நிமிடத்துக்கு. எங்கள் குடும்பங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால், மேடையில் இருக்கிற குத்துவிளக்கின் முதல் திரியை மாப்பிள்ளையின் அம்மா ஏற்ற வேண்டும். என் அக்கா ஆறு வருடமாகத் தன் வீட்டில் தீக்குச்சியைத் தொட்டதில்லை. ஏற்றுவாளா, மாட்டாளா என்று முதல் நாள் ராத்திரி வரைக்கும் யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு, "பாப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்த நிமிடத்தைச் சொல்வதற்கு முன்னால் தை மாதத்தைச் சொல்லியாக வேண்டும்.

2

முத்துலட்சுமி அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னும் வேலை பார்த்தாள். காலையில் வேன் வரும். அந்த வேனை ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரரேதான், எங்கள் முருகேசன் அத்தான். "மாப்பிள்ள வேனு, மகாராணி சவாரி" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். கம்பெனி வாசலில் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும். பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். அறைக்குள் நுழையும் முன், வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். அறைக்குப் பல வாசல் உண்டு, எல்லாக் கதவும் வெளிப்பக்கம்தான் திறக்கும். முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் ஒன்றே ஒன்று: சத்தம் கேட்டால் ஓடு, திரும்பிப் பார்க்காதே.

ஆறு வருடம் முன்பு ஒரு பங்குனி முற்பகலில் பக்கத்து அறையில் வெடிமருந்து உராய்ந்து தீப்பிடித்துக்கொண்டது. அக்கா ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. தோளோடு தோள் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்த கனி இன்னொரு வாசல் வழியாக ஓடினாள். அந்த வாசல் தீப்பிடித்த அறையைப் பார்த்த வாசல். கனி பிழைக்கவில்லை. அக்காவுக்கு வலது முழங்கைக்குக் கீழே தோல் வெந்துபோனது. அவள் செய்ததில் தப்பே இல்லை என்று எல்லோரும் சொன்னோம். நாங்கள் சொல்லச் சொல்ல, அவள் எங்களோடு பேசுவது குறைந்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் நெருப்பு கிடையாது. கேஸ் அடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மின்சார அடுப்பு வாங்கினார்கள். சாமி படத்துக்குச் சிவப்பு பல்பு. கொசுவர்த்திகூட இல்லை. தீபாவளி அன்று ஊரே வெடிக்கும்போது, அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பாள். அத்தான் வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். நான் இங்கே இருந்துகொண்டு போனில் விசாரிப்பேன். வெளிநாட்டில் இருப்பவர்களால் முடிகிற காரியம் அதுதானே.

கார்த்திகையில் மகனுக்கு நிச்சயம் ஆனது. குத்துவிளக்கை நாத்தனார் ஏற்றட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாளாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. போனைப் போட்டேன்.

"பெத்தவ ஒதுங்கி நின்னா நல்லாவா இருக்கும்? என்னக்கா பேசுற நீ?"

"எனக்குக் கை வராது விஜி. மேடையில வச்சு குச்சி கீள விளுந்துட்டா? பட்டுச்சேலையில பட்டுட்டா? எம் மகன் கல்யாணத்துல நான் அலறிக்கிட்டு ஓடுறத அம்புட்டுச் சனமும் பாக்கணுமா?"

மறுநாள் அவளுக்கு விமான டிக்கெட் போட்டேன். பயத்தைப் போக்கும் திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. கல்யாணப் பேச்சே கேட்காத ஓர் இடத்தில் அவள் பத்து நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

3

விசா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எங்கள் அப்பா சுப்பையாவை அந்தக் கட்டத்தில் உட்கார வைத்தேன். விடுதி அறையையும் அதே பெயரில் பதிவு செய்தேன். அதன் பலனாக, ஹோய் ஆன் விடுதியில் எங்களை வரவேற்ற பலகையில் 'திருவாளர் சுப்பையா அவர்களே வருக' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன். அக்கா ஒரு நிமிடம் அந்தப் பலகையையே பார்த்தாள்.

"மனுசன் இருந்தவரைக்கும் மதுரையத் தாண்டல. செத்தப்புறம் பாரு, வெளிநாடு வந்துட்டாரு" என்றாள். வந்து நாலு நாளில் அவள் அடித்த முதல் கேலி அது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

ஹோய் ஆன், வியட்நாமின் நடுவில், கடலுக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றங்கரையில் இருக்கிற பழைய வணிக ஊர். சைகோனில் பத்து வருடம் இருந்தும் நான் போனதில்லை. விடுமுறை என்றால் சிவகாசிக்கு ஓடுவோமே தவிர, இருக்கிற நாட்டைச் சுற்றிப் பார்த்ததில்லை. என் மகள் யாழினிதான் பிடிவாதம் பிடித்தாள். நாங்கள் மூன்று பெண்கள் மட்டும் கிளம்பினோம். அவளுக்குப் பதினைந்து வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள், வியட்நாமியில்தான் கோபப்படுவாள், வியட்நாமியில்தான் தூக்கத்தில் பேசுவாள். சிநேகிதிகளுக்கு அவள் 'லின்'. ஞாயிற்றுக்கிழமை இணைய வகுப்பில் கற்ற தமிழில் அவள் பேசினால் செய்தி வாசிப்பது போல் இருக்கும். அக்காவோ அவளை "யாளினி" என்றுதான் கூப்பிடுவாள். தன் பெயரை இப்படிக்கூடச் சொல்லலாமா என்று இவளுக்கு ஒரே சிரிப்பு.

ஹோய் ஆனுக்குப் பக்கத்து விமான நிலையமான டா நாங்கில் இறங்கியபோது பத்தொன்பது டிகிரி. சைகோனில் எப்போதும் சித்திரை மாதம்தான், அதனால் எங்களிடம் குளிர் உடுப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. என் கணவரின் பழைய நூல் ஸ்வெட்டர் ஒன்றைப் பருத்திச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள் அக்கா. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் நைலான் கலந்த துணி அவள் உடம்பில் ஏறாது. ஊசித் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. பழைய ஊருக்குள் வண்டிகளை விடுவதில்லை. நடந்தே போனோம். சுவரெல்லாம் மஞ்சள். மழையில் நனைந்த மஞ்சள், பாசி ஏறிய மஞ்சள், காகிதப்பூக் கொடி படர்ந்த மஞ்சள். தலைக்கு மேலே தெருவுக்குத் தெரு பட்டுத்துணி விளக்குகள். நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன், ஓர் ஊரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குத் தைப்பூசம். அக்கா விரதம். எங்கே போய்ச் சைவம் தேடுவது என்று கலங்கினால், அவர்களுக்கும் பௌர்ணமியை ஒட்டி மரக்கறிதானாம். தெருமுனைக் கடையில் வாழைப்பூவும் காளானும் போட்ட நூடுல்ஸ் கொடுத்தார்கள்.

"இங்கனயும் விரதமா இருக்காக?" என்று அக்கா அந்தக் கடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாழினி மொழிபெயர்த்தாள். கடைக்காரி இன்னும் ஒரு கரண்டி காளான் வைத்தாள்.

4

பழைய வியாபாரி வீடு ஒன்றைச் சுற்றிப் பார்க்கத் திறந்து வைத்திருந்தார்கள். தெருவில் நுழைந்தால் ஆற்றங்கரையில் வெளியே வரலாம், அத்தனை நீளம். ஆணி தெரியாத மரத்தூண்கள், நடுவில் மழை விழுகிற முற்றம். வாசலில் அக்கா செருப்பைக் கழற்றினாள். பிறகு கதவில் இருந்த இரும்பு வளையத்தைக் கையால் தொட்டு, ஒரு கணம் நின்று, உள்ளே வந்தாள். செம்புத் தகட்டைத் தொட்ட கை இன்னும் மறக்கவில்லை. எங்கள் வீட்டு லிஃப்டில் ஏறும்போதும் கம்பியைத் தொடுவாள். ஆனால் அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு அது தெரியுமா? தன் வீட்டுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். எழுபது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. அக்காவுக்கு மட்டும் தனியாக இஞ்சித் தேநீர் வந்தது.

உள்ளே போனதும் அக்கா வாசல்களை எண்ணினாள். "ரெண்டே வாசல்" என்று என் காதில் சொன்னாள். "இம்புட்டு மரத்துக்கு ரெண்டு வாசல் பத்தாது."

சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு, அதற்கு மேலே இன்னொன்று, என் தலைக்கு மேலே ஒன்று என்று நிறையக் கோடுகள் இருந்தன. பக்கத்தில் வருடம் எழுதியிருந்தது. ஐப்பசி கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வருமாம், அந்தந்த வருடம் அது ஏறிய உயரம்தான் கோடு. மேல்தளத்தில் ஒரு சதுரத் துளை, மரச்சட்டம் போட்டு மூடியிருந்தது. வெள்ளம் வரும்போது அதைத் திறந்து சாமான்களைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவித் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப இறக்குவார்கள். ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை, தலைமுறை தலைமுறையாக.

"பயமா இருக்காதான்னு கேளு" என்றாள் அக்கா.

யாழினி கேட்டாள். அந்த அம்மா சாதாரணமாகப் பதில் சொன்னார். யாழினி தன் செய்தித் தமிழில் சொன்னாள்: "பயம் உண்டு என்கிறார். அதனால்தான் கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம். எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று தெரியும் அல்லவா?"

அக்கா தன்னைவிட உயரத்தில் இருந்த கோட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நான்கூட நகர்ந்துவிட்டேன், அவள் நகரவில்லை. தேநீர் ஆறிப்போய், அந்த அம்மா வேறு கொண்டுவந்து வைத்தார்.

அங்கிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு கடை. டெட் என்னும் அவர்கள் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. கடை முழுக்கச் சிவப்பும் தங்கமுமாக அலங்காரப் பொருள். வாசலில் ஆள் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு சரவெடி.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. "விஜி, வெடி. வா, போயிருவோம்."

"அக்கா, அது பிளாஸ்டிக். இந்த நாட்டுல வெடிக்கே தடை. எப்பவோ நிறுத்திட்டாங்க. புது வருசத்துக்கு அழகுக்குத் தொங்க விடுவாங்க."

அவள் நம்பவில்லை. யாழினி போய் அதைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். அக்கா முதலில் விரலால் தொட்டாள். பிறகு கையில் வாங்கினாள். புரட்டினாள். கண்ணருகே கொண்டுபோனாள். முகம் மாறியது. பயம் போய் அங்கே எரிச்சல் வந்து உட்கார்ந்திருந்தது.

"என்ன பின்னல் இது? ஒரு பக்கம் ரெட்டை, ஒரு பக்கம் ஒத்தை. திரிய எங்கன விட்ருக்கான் பாரு. இது பத்துகூட வெடிக்காது, நடுவுல அணைஞ்சிரும்."

"பெரியம்மா, இது வெடிக்காது. பிளாஸ்டிக்" என்றாள் யாழினி.

"இருந்தா என்னளா, பிளாஸ்டிக்குன்னா தப்பாப் பின்னலாமா?"

நானும் யாழினியும் கடைக்காரனும் சிரித்தோம். அவனுக்கு என்ன புரிந்ததோ. அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் யாழினி, எங்கள் குடும்பத்தில் ஆறு வருடமாக ஒருவரும் கேட்காததைக் கேட்டாள்.

"பெரியம்மா, தீப்பிடித்த அன்று உங்களுக்கு என்ன நடந்தது?"

சும்மா இருடி என்று அதட்டப் போனேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள். காசு கொடுத்து வாங்கிய அந்தப் பிளாஸ்டிக் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டே, பாலத்துத் திண்டில் உட்கார்ந்து சொன்னாள். கனி அன்றைக்குக் கொண்டுவந்திருந்தது எலுமிச்சைச் சோறு என்று சொன்னாள். கனி எந்த வாசல் வழியாகப் போனாள் என்பதைத் தான் பார்க்கவில்லை என்றும், பார்க்கக் கூடாது என்பதுதானே பாடம் என்றும் சொன்னாள். யாழினிக்கு எத்தனை வார்த்தை புரிந்ததோ தெரியாது. அவள் இடையில் ஒன்றும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் ஆறு வருடமாக ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை என்பது அந்தப் பாலத்தில்தான் எனக்கு உறைத்தது.

5

சாயங்காலம் ஆறரை இருக்கும். தெருவில் திடீரென்று ஒவ்வொரு கடையாக இருண்டது.

"கரண்டு போயிருச்சா?"

"இல்லக்கா. இவங்களே அணைக்கிறாங்க. பௌர்ணமியை ஒட்டி மாசாமாசம் இப்படித்தானாம்."

"எதுக்கு?"

"நெலாவுக்காகத்தான்."

"நெலாவப் பாக்க ஒரு ஊரே கரண்ட நிப்பாட்டுதா?" அக்கா நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள்.

ஆறு முழுக்க விளக்கு. உள்ளங்கை அளவு காகிதப் பூக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி, நூற்றுக்கணக்கில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. படகுகள் அவற்றுக்கு நடுவே மெல்ல ஊர்ந்தன. தூறல் நின்று மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. நிலா தெரிந்தது, ஆற்றிலும் ஒரு நிலா கலங்கிக் கலங்கிக் கூடியது. சிவகாசிக்காரிக்கு வெளிச்சம் புதிதல்ல. வானத்தில் நூறு நிறத்தில் பூ விரிவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் அந்த ஆற்றங்கரையை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அக்காதான் சொன்னாள்.

"விஜி, சத்தமே இல்ல. இம்புட்டு நெருப்பு எரியுது. ஒரு சத்தம் இல்லையே."

படகில் ஏற அவள் சம்மதிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. மரப்படகு, காகித விளக்கு, மெழுகுவர்த்தி. அவள் குனிந்து பார்த்து, "இதுல வாசலே இல்ல" என்றாள். பிறகு, "சுத்தித் தண்ணிதான. அம்புட்டும் வாசல்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறிவிட்டாள்.

துடுப்புப் போட்டவள் அக்கா வயதுக்காரி, ஓலைத் தொப்பி போட்டிருந்தாள். ஆற்று நடுவில் போனதும் எங்களுக்கு மூன்று காகிதப் பூக்களை எடுத்து வைத்துவிட்டு லைட்டரைத் தட்டினாள். எரியவில்லை. தூறலில் நனைந்திருந்தது. உதறினாள், ஊதினாள், எரியவில்லை. அலுத்துக்கொண்டே ஒரு தகர டப்பாவிலிருந்து தீப்பெட்டி எடுத்தாள். ஒரு குச்சியைக் கிழித்தாள். மருந்து மட்டும் நசுங்கி உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. அதற்குள் காற்று வேறு. யாழினி வாங்கி முயன்றாள். அவளுக்குத் தீக்குச்சி கிழித்தே பழக்கமில்லை, ஒடித்துவிட்டாள்.

"நமத்துப் போச்சுளா. இங்கன குடு" என்று அக்கா கையை நீட்டினாள்.

அக்கா ஒரு குச்சியை எடுத்தாள். காதுக்கு மேலே, தலைமுடியில் அந்தக் குச்சியின் மருந்துத் தலையை நாலு தடவை உரசினாள். சிவகாசியில் மழைக்காலத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். முடியில் உரசினால் ஈரம் போகும். "காத்துக்கு முதுகக் காட்டணும்" என்று சொல்லி உடம்பைத் திருப்பினாள். கிழித்தாள். சுடர் பிடித்தது. இரண்டு கையையும் குவித்து அதைக் காகிதப் பூவுக்குள் கொண்டுபோய் மெழுகுவர்த்தியில் வைத்தாள். எரிந்து முடித்த குச்சியை ஆற்றில் முக்கி, எறியாமல், முந்தானையில் முடிந்துகொண்டாள். பட்டாசு வேலை பார்த்தவர்கள் எரிந்த குச்சியைக் கண்ட இடத்தில் எறிய மாட்டார்கள்.

முடிச்சுப் போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையை விரித்துப் பார்த்தாள். தழும்பு இருக்கிற அந்தக் கை. நான் பிடித்துக்கொண்டேன். படகுக்காரி துடுப்பை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள். அக்கா அழவில்லை. அந்தக் காகிதப் பூவைப் படகுக்காரி ஒரு கழியில் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்கப் போனபோது, "கனிக்கு" என்றாள். விளக்கு ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற விளக்குகளோடு சேர்ந்து போனது. எது கனியின் விளக்கு என்று கொஞ்ச நேரத்தில் எங்களுக்கே தெரியவில்லை.

அடுத்த படகுக்காரியும் லைட்டரை உதறிக்கொண்டிருந்தாள். எங்கள் படகுக்காரி அவளிடம் என்னவோ கத்தினாள். அந்தப் படகு பக்கத்தில் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. யாழினி பெருமை தாங்காமல் வியட்நாமியில் எல்லோருக்கும் எங்கள் ஊரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். அக்கா குச்சியை எடுத்து, தலையில் உரசி, காற்றுக்கு முதுகைக் காட்டி, ஏற்றினாள். மறுபடி ஏற்றினாள். ஒன்பது விளக்கு வரைக்கும் நான் எண்ணினேன், பிறகு கண்ணீரில் எண்ணிக்கை தப்பிவிட்டது. "கம் ஒன், கம் ஒன்" என்று எல்லாப் படகிலிருந்தும் நன்றி சொன்னார்கள். அக்காவும் எல்லோருக்கும் "கம் ஒன்" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வியட்நாமி வார்த்தை அது.

6

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். மறுநாள் காலையில் ஆசையாகக் கேட்டேன், "அப்ப வைகாசியில விளக்க நீதான ஏத்துவ?"

அக்கா தோசையைப் போல இருந்த ஏதோ ஒன்றைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "அது வேற, இது வேற விஜி. இங்கன சுத்தித் தண்ணி. என்னைத் தெரிஞ்சவுக யாருமில்ல. அங்கன மேடை, பந்தல், பட்டுச்சேலை, ஊருச் சனம். கனி மக வேற வருவா. பாப்போம்."

படகுக்காரி அந்தத் தீப்பெட்டியை அக்காவுக்கே கொடுத்திருந்தாள். டா நாங் விமான நிலையத்தில் பையைச் சோதித்தவர் அதை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் கெஞ்சலாமா என்று யோசிப்பதற்குள் அக்கா, "நியாயந்தான். நம்ம கம்பெனி வாசலா இருந்தா நானே பிடுங்கியிருப்பேன்" என்று சொல்லி, அந்த ஆளுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு நடந்தாள்.

அதன் பிறகு நாலு மாதம் போனில் எத்தனையோ பேசினோம். விளக்கைப் பற்றிப் பேசவில்லை. நான் கேட்டால் அவள் "பாப்போம்" என்பாள், அந்த வார்த்தையைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

7

கைபேசியில் ஃபேன் போய், பிடரி போய், மேடை வந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். பட்டு இல்லை. மாப்பிள்ளையின் அம்மா, மகன் கல்யாணத்தில் அரக்குச் சிவப்பில் சுங்குடிச் சேலை கட்டியிருந்தாள், அசல் பருத்தி. ஊர் என்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் உடம்பில் இருந்த பட்டுச்சேலை எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

யாரோ தீப்பெட்டியை நீட்டினார்கள். அக்கா வாங்கவில்லை. மேடையை விட்டு ஓரமாக நடந்தாள். "போறாங்களே" என்று என் கணவர் முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா மேடை ஓரத்தில் இருந்த இரும்புத் தூணை உள்ளங்கையால் தொட்டாள். ஒரு கணம் நின்றாள். திரும்பி வந்து தீப்பெட்டியை வாங்கினாள்.

குச்சியை எடுத்துப் பார்த்தாள். காதுக்கு மேலே, கனகாம்பரத்துக்குப் பக்கத்தில், தலைமுடியில் உரசினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

மேடையில் சிரிப்பு எழுந்தது. அவள் நாத்தனாரின் குரல் தெளிவாகக் கேட்டது: "மைனி, வைகாசி வெயில்ல குச்சி நமத்தா போயிருக்கு?"

"அம்மா!" என்று எனக்குப் பின்னால் அலறல். அறையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று நினைத்த யாழினி, எப்போது வந்து நின்றாளோ தெரியாது. "அம்மா, பெரியம்மா தலையில தேய்க்கிறாங்க! அந்தப் படகுல மாதிரியே!" செய்தித் தமிழ் எங்கே போனதோ. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அக்கா கிழித்தாள். முதல் திரி பிடித்தது. அதே நேரத்தில் மண்டபத்து வாசலில் எந்தப் புண்ணியவானோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். சிவகாசிக் கல்யாணம், யாரைக் குறை சொல்வது? ரைஸ் குக்கர் மேல் கைபேசியே அதிர்ந்தது. பிடித்திருந்தவன் வாசலை நோக்கித் திரும்பிவிட்டான். புகை, ஓடுகிற பிள்ளைகள், சிவப்புக் காகிதம். மேடை தெரியவில்லை. "திருப்புடா, திருப்புடா" என்று சைகோனில் இருந்து நான் கத்தினேன். என் கணவரும் கத்தினார். யாழினி வியட்நாமியில் கத்தினாள்.

சரம் முழுக்க வெடித்துத் தீரும் முன்பே அவன் திருப்பிவிட்டான். அக்கா அங்கேயே இருந்தாள். இரண்டு கையையும் குவித்து அந்த ஒற்றைத் திரியை மறைத்துக்கொண்டு, ஃபேன் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.